கான்டெசாவுக்கு முன்பக்க ஸ்பிரிங் மாட்டிய நாலு நாள்

அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலையின் பின்பக்கக் கொட்டகையில் ஆறு வருஷம் உமித்தூசிக்குள் கிடந்த 1994 கான்டெசாவை வாங்கி, ஆர்சி புதுப்பித்து, பாளையங்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே முன்பக்கம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது ஒரு வேகத்தடை, 'டங்' என்று காலுக்கடியில் இடித்தது. வீரவநல்லூரில் அடுத்தடுத்து இடித்தது. பத்தமடை வருவதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிட்டது. வண்டி வேறு வலது பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது, ஒரு தோளில் மூட்டை தூக்கியவர் நிற்பாரே, அந்த மாதிரி.

கான்டெசாவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. இங்கிலாந்தில் எழுபதுகளில் ஓடிய வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரை அடிப்படையாக வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-லிருந்து 2002 வரை செய்த வண்டி. முதலில் அம்பாசடரின் என்ஜினையே வைத்து ஓட்டினார்கள், அப்புறம் இசுசுவின் 1,817 சிசி பெட்ரோல் என்ஜின் வந்த பிறகுதான் அந்த உடம்புக்கு ஏற்ற உயிர் வந்தது. நீள மூக்கு, பின்சக்கரத்தை ஓட்டுகிற வண்டி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஜங்ஷனில் ஒரு கறுப்பு கான்டெசா வந்து நின்றால் பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த ஆசை இத்தனை வருஷம் கழித்து நிறைவேறியது.

என் வண்டியைக் 'கஸ்டம்', அதாவது இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டிய வண்டி என்று சொல்லலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். என்ஜினும் பாடியும் ஆர்சியில் இருக்கிறபடியே இருக்கிறது, அதில் கை வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் ரேடியேட்டர் பெரிதாக்கினேன், ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டியரிங் பம்ப் எல்லாம் மூக்கில் ஏறியது, சீட், டேஷ்போர்டு முழுக்க மாற்றியது. இதனால் முன்பக்க எடை கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த எடை இல்லை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்திலேயே லேத். அதை நடத்துகிற அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. டாக்ஸி பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து அம்பாசடரிலும் பியட்டிலும் கை பழகியவர். அம்பாசடருக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, நீளவாக்கில் போகிற முறுக்குக் கம்பிதான் எடையைத் தாங்கும். உயரம் குறைந்தால் கழற்றிப் பல்லு மாற்றிப் போட்டால் தீர்ந்தது. சுருள் ஸ்பிரிங் அப்படி விட்டுக்கொடுக்காது என்று அவர் முதல் நாளே சொன்னார். வண்டியைத் தூக்கி நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தவர் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, இங்க வந்து பாருங்க, எவனோ கேஸ் வச்சு வெட்டிருக்கான்" என்றார்.

பார்த்தேன். ஸ்பிரிங்கின் மேல் நுனி உருகி வழிந்து மெழுகுவத்திபோல உறைந்து நின்றது. வண்டி தாழ்ந்து தெரிய வேண்டும் என்று எப்போதோ யாரோ ஒருவர் ஒண்ணேகால் சுற்றை கேஸ் டார்ச்சால் அறுத்து எடுத்திருக்கிறார். யார் என்று ஆலைக்காரருக்கும் தெரியவில்லை. தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று சொல்லவாவது இதை எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இன்றைக்கும் இது நடக்கிறது, பத்து நிமிஷத்தில் வண்டி தாழ்ந்துவிடும், கையில் ஐநூறு ரூபாய் கொடுத்தால் போதும்.

சுருள் ஸ்பிரிங் என்பது நீளமான ஒரு கம்பியைச் சுருட்டி வைத்திருப்பதுதான். அமுக்கும்போது அந்தக் கம்பி முழு நீளத்துக்கும் முறுகுகிறது. சுற்றைக் குறைத்தால் முறுகுவதற்கு இருக்கிற நீளம் குறைகிறது, அதனால் ஸ்பிரிங் கடினமாகிவிடும். என்னுடையதில் வேலை செய்கிற சுற்று ஆறரை இருந்திருக்க வேண்டும், ஒண்ணேகால் போனதும் ஐந்தேகால். கணக்குப் போட்டால் கடினம் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருக்கிறது. ஒரு பக்கம் ஸ்பிரிங் கடினமாகிவிட்டது, இன்னொரு பக்கம் அது அமுங்குவதற்கு இருந்த இடமும் போய்விட்டது, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கிற ஆர்ம், மேலே இடிக்காமல் தடுக்கிற பம்ப் ரப்பரை எப்போதும் தொட்டுக்கொண்டேதான் நிற்கும். அந்த 'டங்' வேறு எதுவும் இல்லை, ரப்பர் தேய்ந்து இரும்பும் இரும்பும் முட்டுகிற சத்தம். இதெல்லாம் போக, டார்ச் பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடுகிறது. பதம் போன இடத்தில்தான் ஒருநாள் ஒடியும், அதுவும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் ஒடியும்.

கழற்றி எடுத்துத் தரையில் நிறுத்தி அளந்தேன். இடது 268 மி.மீ., வலது 259. ஒன்பது மி.மீ. வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்திருக்கவில்லை, ஆர்மின் நடுப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. என் வண்டியில் ஆர்மைச் சேசிஸில் பிடிக்கிற உட்புற போல்ட்டிலிருந்து, வெளி நுனியில் சக்கரத்தோடு சேருகிற பால் ஜாயிண்ட் வரை 36 செ.மீ., ஸ்பிரிங்கின் நடு வரை 20 செ.மீ. நெம்புகோல் கணக்குதான். ஸ்பிரிங்கில் 10 மி.மீ. மாறினால் சக்கரத்தில் 18 மி.மீ. மாறும். அந்த ஒன்பதுதான் வெளியே பதினாறாகி வண்டியைச் சாய்த்து வைத்திருந்தது.

இனி எந்த ஸ்பிரிங் போடுவது? பழைய அளவுக்கே கிடைத்தாலும் மூக்கில் ஏற்றிய எடைக்கு அது போதாது. இணையத்தில் 'கான்டெசா முன்பக்கம்' என்று போட்டு விற்ற ஒரு ஜோடியை ஆர்டர் செய்தேன், வந்ததைப் பார்த்தால் கம்பி 13 மி.மீ. என்னுடையது 14. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது. கம்பித் தடிமனின் நாலாம் அடுக்கில் ஸ்பிரிங்கின் கடினம் ஏறும். சுற்றும் அகலமும் ஒன்றாக இருந்தாலும் 13-ஐ விட 14 மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கடினம். திருப்பி அனுப்பினேன், பணம் வர ஒரு மாதம் ஆனது.

அப்புறம்தான் அண்ணாச்சி சொன்ன வழிக்கு வந்தேன். "மொதல்ல வண்டிய எடைபோடும்" என்றார். நம் பக்கத்தில் எடைமேடைக்கா பஞ்சம், நெல் லாரி, ஜல்லி லாரி என்று நாள் முழுக்க ஏறி இறங்குகிற மேடை சுத்தமல்லி போகிற பாதையிலேயே இருக்கிறது. மத்தியானம் லாரி இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், முன்சக்கரம் ரெண்டும் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தினேன். உள்ளே ஆள் இல்லை, டேங்கில் பாதி பெட்ரோல். 640 கிலோ என்று காட்டியது. மேடைக்காரர் ரசீது அடித்துக் கொடுத்தார், அதில் பொருள் என்ற இடத்தில் 'கார்' என்று கையால் எழுதிக் கொடுத்தார், அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

640-ல் பாதி 320. அதில் சக்கரம், ஹப், பிரேக், ஆர்மின் வெளிப்பாதி இவை ஸ்பிரிங்குக்கு வெளியே இருக்கிற எடை, சுமார் 40 கிலோ. மீதி 280. ஸ்பிரிங் ஆர்மின் நடுப்பக்கம் இருப்பதால் அதே நெம்புகோல் கணக்கில் அது தாங்க வேண்டியது ஐநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வண்டி நிற்க வேண்டிய உயரத்தில் ஸ்பிரிங்குக்கு இருக்கிற இடம் 230 மி.மீ. ஆக, 230-க்கு அமுங்கும்போது ஐநூறு கிலோவைத் தாங்குகிற, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஆறு கிலோ தள்ளுகிற ஸ்பிரிங் வேண்டும். தளர்வாக இருக்கும்போது அதன் நீளம் 315 வரும். பள்ளிக்கூடத்தில் படித்த ஹூக் விதி, 1678-ல் அந்த மனிதர் எழுதியது, நூறு கிலோவுக்கு 17 மி.மீ. அமுங்கினால் அடுத்த நூறுக்கும் அதே 17 மி.மீ. என்கிற அந்த ஒரே விஷயம், பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் என் வண்டிக்கு வேலை செய்தது. அதில் எனக்கு இன்னும் சந்தோஷம்.

கோயம்புத்தூர் பக்கம் ஆர்டருக்கு ஸ்பிரிங் சுற்றித் தருகிற ஒரு சின்னப் பட்டறையில் கொடுத்தேன். நேரில் போய் நின்று பார்த்தேன். சிலிக்கான் மாங்கனீஸ் எஃகுக் கம்பியைச் செக்கச்செவேல் என்று தொள்ளாயிரம் டிகிரிக்கு அருகில் காய்ச்சி, உருளையில் சுற்றி, அந்தச் சூட்டோடு எண்ணெய்யில் முக்குகிறார்கள். அப்போது அது கண்ணாடி மாதிரி, தட்டினால் ஒடியும். மறுபடி நானூறு ஐநூறு டிகிரியில் காயவைத்த பிறகுதான் ஸ்பிரிங்கின் குணம் வருகிறது. அப்புறம் பொடி எஃகு உருண்டைகளை அடித்து மேல்தோலை இறுக்குகிறார்கள், வெடிப்பு விழாமல் இருப்பதற்கு. கடைசியில் பிரஸ்ஸில் வைத்துச் சுற்றோடு சுற்று முட்டும் வரை நாலைந்து தரம் அமுக்கிவிடுகிறார்கள், இறங்க வேண்டியது அங்கேயே இறங்கிவிடும். இத்தனை பக்குவத்தையும்தான் நம் ஆள் ஒரு டார்ச்சால் அழித்திருக்கிறார் என்று அங்கே நின்றபோது வயிறு எரிந்தது.

சோதனைச் சீட்டு கொடுத்தார்கள். 230 மி.மீ.யில் ஒன்று 512 கிலோ, இன்னொன்று 505. கூடுதலாகத் தாங்குவதை ஓட்டுபவர் பக்கம், வலது பக்கம் போட வேண்டும் என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டேன்.

சரி, மாட்டுகிற கதைக்கு வருகிறேன். ஆனி கடைசி, குற்றாலத்தில் சாரல் இறங்கிய நேரம், எங்களுக்கு இங்கே வெறும் காற்று. வேப்பமரம் நாள் பூராவும் ஆடிக்கொண்டே இருந்தது, தகரம் படபடவென்று அடித்தது. ஸ்பிரிங் வேலை செய்கிறபோது சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்வார். அதனால் காற்று அடங்குகிற காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தோம்.

முன்பக்கக் குறுக்கு இரும்பான கிராஸ் மெம்பருக்கு வெளியே சேசிஸில் ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு, அதற்குக் கீழே மரக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே போகக்கூடாது. சக்கரம் எடுத்து, ஸ்பிரிங்குக்கு உள்ளே நிற்கிற ஷாக் அப்சார்பரைக் கழற்றி, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஆன்டி ரோல் பாரின் லிங்கை விடுவித்து, கீழ் ஆர்முக்கு அடியில் டிராலி ஜாக்கியைக் கொடுத்து எடையை அதன்மேல் வாங்கிக்கொண்டோம். அப்புறம் சங்கிலி. ஸ்பிரிங்கின் நடுச் சுற்றுக்குள் நுழைத்து கிராஸ் மெம்பரைச் சுற்றிக் கட்டினார். வெட்டின ஸ்பிரிங்தானே, அதில் பாரமே இருக்காதே என்றேன். "இருக்காதுன்னு நீங்க சொல்லுதிய. அது சொல்லணும்லா" என்றார்.

சங்கிலி எதற்கு என்று தெரிய ஒரு கணக்குப் போதும். புது ஸ்பிரிங்கை நிற்கிற உயரத்துக்கு அமுக்கினால் அதற்குள் அடங்கியிருக்கிற சக்தி, இருபது கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவோ அவ்வளவு. கல் கீழேதான் விழும், நாம் காலை இழுத்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் முகத்தை அதற்கு நேராக வைக்காமல், உடம்பைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும், விரலைச் சுற்றுக்கு நடுவில் ஒருபோதும் விடக்கூடாது.

கீழ் பால் ஜாயிண்டின் நட்டை முழுசாக எடுக்காமல் மூணு மரை மிச்சம் வைத்துவிட்டு, சக்கரத்தின் ஹப்பைத் தாங்குகிற நக்கிளின் காதை ரெண்டு சுத்தியலால் எதிரெதிர்ப் பக்கம் ஒரே நேரத்தில் அடித்தார். மூணாவது அடியில் 'டக்' என்று விட்டது. அந்த மிச்ச மரைதான் ஆர்ம் திடீரென்று விழாமல் பிடித்துக்கொண்டது. ஜாக்கியை ஏற்றி நட்டை எடுத்து, நக்கிள் பிரேக் ஹோஸில் தொங்காமல் கம்பி போட்டு மேலே கட்டி, ஜாக்கியைச் சொட்டுச் சொட்டாக இறக்கினோம். பாதி தூரத்திலேயே பழைய ஸ்பிரிங் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. இத்தனை நாள் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அது இருக்கையை விட்டுக் கழன்று மறுபடி உட்கார்ந்திருக்கிறது. நினைக்கவே பயமாக இருந்தது.

ஆர்மைக் கழற்றிக் கவிழ்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஸ்பிரிங் உட்காருகிற கிண்ணத்தில் கைப்பிடி அளவு உமி, ஈரம் குடித்து மண்ணாகி, அதற்கடியில் தகடு பிஸ்கெட்டாகப் போயிருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் மறுபக்கம் வந்தது. அன்றைக்கு வேலை அதோடு நின்றது. பக்கத்து லேத்தில் தடித்த தகட்டில் ரெண்டு கிண்ணம் கடைந்து, கம்பியின் நுனி வந்து முட்ட ஒரு படியும் வைத்து, அழுகினதை வெட்டியெடுத்து வெல்டிங் செய்து, தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, பெயின்ட் காய்ந்து கைக்கு வர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. பிரித்தது பிரித்தாகிவிட்டது என்று ஆர்மின் ரப்பர் புஷ் நாலையும் புதிதாக அடித்துவிட்டோம். அந்தப் புஷ்தான் மூணாம் நாள் என்னை ஆட்டி வைத்தது.

புது ஸ்பிரிங்கை ஏற்றுவதற்கு கடையில் விற்கிற கொக்கி வைத்த கம்ப்ரசர் உள்ளே நுழையவில்லை. அண்ணாச்சி சொந்தமாக ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார். ஷாக் அப்சார்பர் போகிற மேல் ஓட்டை வழியாக ஒரு நீள மரைக் கம்பி இறங்கும், கீழே ஆர்மின் அடியில் தடித்த தட்டு, மேலே நட், நட்டுக்கு அடியில் ஒரு திரஸ்ட் பேரிங். நட்டைச் சுற்றச் சுற்ற ஆர்ம் மேலே ஏறி ஸ்பிரிங்கைத் தன் இடத்துக்குள் அமுக்கும். அந்தக் கம்பி ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதா மரைக் கம்பி இல்லை, அதிக இழுவிசை தாங்குகிற ஹை டென்சைல், அதற்கென்றே லேத்தில் வெட்டி வாங்கியது. சாதாக் கம்பி வாங்கி வரட்டுமா, இன்னொரு பக்கமும் சேர்த்துச் செய்யலாமே என்று நான் கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மரை வழுக்கினால் அந்த இருபது கிலோ கல் மூஞ்சிக்கு நேராகத்தான் வரும்.

மரை முழுக்க கிரீஸ். மேலே ரப்பர் வளையம், அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் பாடியோடு உரசிக் கீச்சுக்கீச்சென்று கத்தும். ஸ்பிரிங்கின் தட்டையான தலை மேலே, வெட்டி விட்ட நுனி கீழே. மறுபடி சங்கிலி. பட்டறைப் பையனை, "ஏலே, நீ அங்க தள்ளி நின்னு டார்ச்ச மட்டும் புடி" என்று ஒதுக்கிவிட்டு, அவர் ரிங் ஸ்பேனரைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினார். நான் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் இருபது சுற்றுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. அப்புறம் ஸ்பேனர் சுற்றும்போது கம்பியிலிருந்து ஒரு மெல்லிய முனகல் வந்தது. சுற்றுகளுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது ஒன்றரையாகி, ஒன்றாகியது. கம்பியின் நுனி படியை நோக்கி ஒரு நூல் ஒரு நூலாக நகர்ந்து வந்தது. படியை முட்ட ஒரு விரல் தூரம் இருக்கும்போது நிறுத்தச் சொன்னேன். நீளமான நெம்புகோலை வைத்து அவர் ஸ்பிரிங்கைத் தன் அச்சில் லேசாகத் திருப்பிவிட்டார், மறுபடி ரெண்டு சுற்று. நுனி படியில் போய் நின்றது, நடுவில் ஒரு தகடு நுழைகிற இடம் மட்டும். நக்கிள் தானாகவே பால் ஜாயிண்டின் மேல் வந்து உட்கார்ந்தது, கையால் நட்டைப் போட முடிந்தது. நட், ஸ்பிளிட் பின், ஷாக் அப்சார்பர், லிங்க். இடது பக்கத்துக்கு ரெண்டரை மணி நேரம், வலது பக்கம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அன்றைக்கு அண்ணாச்சி செய்துங்கநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. மிச்சம் டைட் வைப்பதுதான், நாளைக்கு வந்து பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்சு இருக்கிறது, எல்லா போல்ட்டையும், ஆர்மின் உட்புற போல்ட்டையும் சேர்த்து, வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே, சக்கரம் தொங்குகிறபோதே முறுக்கி முடித்தேன். சக்கரத்தை மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியை இறக்கி, தள்ளி நின்று பார்த்தேன்.

மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. நான் கணக்குப் போட்ட உயரத்தைவிட ஒன்றரை விரல் மேலே. பானெட் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், இறங்கியது, எழுந்தால் மறுபடி அதே உயரம். ராத்திரி வீட்டில் எடைச் சீட்டையும் ஸ்பிரிங் சீட்டையும் வைத்துக்கொண்டு பதினோரு மணி வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எங்கேயும் தப்பு இல்லை. தப்பு இல்லை என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அரைச் சுற்று எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் கூட வந்தது, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் அந்த ஆளுக்கும் இப்படித்தான் ஒரு ராத்திரி வந்திருக்கும் என்று நினைத்தபோது அந்த எண்ணத்தை விட்டேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி வந்து வண்டியைப் பார்த்ததும் ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. "உள்பக்க போல்ட்ட எப்ப முறுக்கினிய?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியைப் பட்டறையின் பிட்டுக்கு, அடியில் இறங்கி வேலை செய்கிற குழிக்கு மேல் விடச் சொன்னார்.

விஷயம் இதுதான். அந்த ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுற்றாது. உள்குழலை போல்ட் கவ்விப் பிடித்துக்கொள்ளும், வெளிக்குழலை ஆர்ம் பிடித்துக்கொள்ளும், ஆர்ம் ஏறி இறங்கும்போது நடுவில் இருக்கிற ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முறுக்கினால், தொங்குகிற நிலைதான் ரப்பருக்குச் சும்மா இருக்கிற நிலை ஆகிவிடும். வண்டி தரையில் நிற்கும்போது நாலு புஷ்ஷும் சேர்ந்து ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், அதாவது வண்டியை மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். சும்மா நிற்கும்போதே முறுகி நிற்கிற ரப்பர் கொஞ்ச நாளில் கிழிந்தும் போகும். வண்டி தன் எடையோடு, தன் கால்களில் நிற்கும்போது மட்டுமே அந்த போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும்.

பிட்டுக்குள் இறங்கி உட்புற போல்ட் நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தினார். நான் மேலே பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாவது போல்ட் விட்டபோது வண்டியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை, ரப்பர் இரும்பிலிருந்து வழுகி விடுபடுகிற 'ஹ்ம்' என்ற சத்தம், என் கைக்கடியில் பம்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. பானெட்டை நாலு தரம் அமுக்கி விட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஒரு ஆள் தூரம் உருட்டி, முன் சீட்டில் ரெண்டு சிமென்ட் மூட்டையை வைத்துவிட்டு, அப்புறம் முறுக்கினார். மூட்டையை எடுத்துவிட்டு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். கணக்குக்கு இடது பக்கம் 3 மி.மீ. கூட, வலது பக்கம் 2 மி.மீ. கூட. புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கும், அதற்கு விட்ட இடம் அது.

அலைன்மென்ட்டை உடனே முழுசாகச் செய்யவில்லை. உயரம் மாறினால் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) மாறும், கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிற அளவு) மாறும், ஸ்பிரிங் இறங்கி முடித்த பிறகு செய்வதுதான் சரி. அதுவரை டயர் தின்னாமல் இருக்க டோவை மட்டும் நூல் கட்டிப் பார்த்து 2 மி.மீ. உள்ளே வைத்தோம். ஹெட்லைட்டையும் சுவரில் அடித்துப் பார்த்து இறக்கிவிட்டேன், இல்லாவிட்டால் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். உயர்ந்த மூக்கோடு பழைய லைட் அப்படியே இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் போனேன். போகும்போது முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக யார் யார் வீட்டுக் கல்யாணம் எந்தெந்த ஊரில் நடந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். படித்துறையில் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கல்லிடைக்குறிச்சிக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். வீரவநல்லூர் வந்தது. அந்த முதல் நாளில் என் மணிக்கட்டை ஒடித்த அதே வேகத்தடைகள். ரெண்டாவது கியரில் விட்டேன். மூக்கு ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கி, நின்றுவிட்டது, ரெண்டாவது ஆட்டம் இல்லை. ஒவ்வொன்றாகத் தாண்டி ஊர் முடிந்தது. திரும்பிப் பார்த்தேன், அம்மாவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தபடியே இருந்தது, மடியில் வைத்திருந்த பூப்பொட்டலம் கூட நகரவில்லை.

இன்றைக்குக் காலையில் மீட்டர் 500 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. மறுபடி அளந்தேன். இடது பக்கம் 4 மி.மீ. இறங்கியிருக்கிறது, வலது பக்கம் 3. ரெண்டு பக்கமும் கணக்குக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே, ஒரே மட்டத்தில். நாளைக்கு வண்ணாரப்பேட்டையில் அலைன்மென்ட்டுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.